முன்னாள் மாணவர்களை இணையவழியில் இணைத்து வைத்திருப்பது: குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஓர் எளிய விளக்கம்

படிப்பை முடித்து வெளியேறும் நாளில் ஒரு மாணவரைப் பற்றிய ஏறத்தாழ எல்லா விவரமும் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி, பிறந்த நாள், கைபேசி எண், புகைப்படம் என்று எதுவும் விடுபடுவதில்லை. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அவர் வாயிலைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே அவற்றில் பெரும்பாலானவை பழையனவாகிவிடுகின்றன. எண் மாறுகிறது, ஊர் மாறுகிறது. திருமணமான பெண்களில் பலருக்குப் பெயரின் முதலெழுத்தே மாறிவிடுகிறது. வெளியேறியவர்கள் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று கல்லூரி அறிந்திருப்பதும், கல்லூரியில் என்ன நடக்கிறது என்று அவர்கள் அறிந்திருப்பதும், தேவை வரும்போது இரு தரப்பும் ஒருவருக்கொருவர் உதவுவதும் சேர்ந்ததே முன்னாள் மாணவர் தொடர்பு. இந்தப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருக்கும் பேராசிரியரையும், சங்கச் செயலாளராகப் புதிதாகத் தேர்வானவரையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இப்பணிக்கு வேண்டியவை ஒரு பதிவேடு, அவ்வப்போது போய்ச் சேரும் செய்தி, ஆண்டில் ஓரிரு சந்திப்புகள். பெரும்பாலான கல்லூரிகள் இதைக் கடைசியிலிருந்து தொடங்குகின்றன என்பதே சிக்கல். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடும் ஒரு பகுதி. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, அது கல்லூரியின் வளர்ச்சிக்குப் பணமாகவோ வேறு வகையிலோ என்ன செய்திருக்கிறது என்று அங்கே கேட்கப்படுகிறது. ஆகவே மதிப்பீட்டுக் குழு வரும் காலம் நெருங்கியதும் அரங்கில் பேனர் கட்டி, உள்ளூரில் இருக்கும் முன்னாள் மாணவர்களை அழைத்து, ஒரு கூட்டம் நடத்தி, எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பதோடு அந்த ஆண்டின் தொடர்பு முடிந்துவிடுகிறது. வந்தவர்களின் புதிய முகவரியைக்கூட எவரும் குறித்துக்கொள்வதில்லை.

குமரி மாவட்டத்தில் இந்த வேலைக்குத் தனித்த ஒரு கனம் உண்டு. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893இல் கல்லூரி நிலையை அடைந்தது. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இலும், மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி 1964இலும், நாகர்கோவில் ஹோலி கிராஸ் கல்லூரியும் அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா கல்லூரியும் 1965இலும் தொடங்கின. பரப்பளவில் சிறிய ஒரு மாவட்டத்தில் இத்தனை பழைய கல்லூரிகள் இருப்பதால், ஒரே வீட்டில் பாட்டியும் தாயும் பேத்தியும் ஒரே கல்லூரியில் படித்திருப்பது இங்கே அரிதன்று. அதே வேளையில், படித்தவர்கள் ஊரிலேயே தங்குவதும் குறைவு. திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் பணியாற்றுகிறவர்கள், வளைகுடா நாடுகளிலும் பிரிட்டனிலும் மருத்துவமனைகளில் இருக்கும் செவிலியர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் என்று ஒரே வகுப்பு பல திசைகளில் சிதறிக் கிடக்கிறது. அவர்களை ஒரே அரங்கில் கூட்ட முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான் இணையவழித் தொடர்பின் தேவை தொடங்குகிறது.

பதிவேடு

முதலில், யார் முன்னாள் மாணவர் என்பதை முடிவுசெய்ய வேண்டும். பட்டம் பெற்றவர் மட்டுமே என்று வரையறுத்தால் இரண்டு பெரிய கூட்டத்தாரை இழந்துவிடுவோம். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை புகுமுக வகுப்பு, அதாவது பி.யு.சி., கல்லூரியில்தான் நடந்தது. அந்த ஓராண்டை மட்டும் இங்கே படித்துவிட்டு வேறு படிப்புக்கோ வேலைக்கோ சென்றவர்கள் ஏராளம். அவர்களுள் பலருக்கு அந்த ஓராண்டின்மேல் இருக்கும் பற்று, மூன்றாண்டு படித்தவர்களின் பற்றுக்குச் சற்றும் குறைந்ததில்லை. மற்றொரு கூட்டம், குடும்பச் சூழலால் பாதியில் நின்றவர்கள். பதிவுப் படிவத்தில் 'பட்டம் பெற்ற ஆண்டு' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் இவர்கள் அதைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். 'சேர்ந்த ஆண்டு', 'வெளியேறிய ஆண்டு' என்று இரண்டு கட்டங்கள் வைத்தால் போதும்.

அடுத்தது பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கமில்லை. ஒரே துறையில், ஒரே ஆண்டில், ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது இயல்பு. திருமணத்துக்குப் பின் தந்தையின் முதலெழுத்து போய்க் கணவரின் முதலெழுத்து வந்துவிட்டால், பழைய சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லாமல் போகிறது. ஆகையால் 'படித்த காலத்துப் பெயர், முதலெழுத்துடன்' என்பதும் 'இப்போதைய பெயர்' என்பதும் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். இவற்றோடு துறை, படித்த காலத்து ஊர், விடுதியில் தங்கியவரா என்ற விவரம், நாட்டுக் குறியீட்டுடன் வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல் ஆகியவை இருந்தால் போதும். குவைத்திலிருந்து ஊர் திரும்பியவரின் எண் மாறிவிடும். மின்னஞ்சல் பெரும்பாலும் மாறுவதில்லை. வருமானம், சாதி, மதம் போன்றவற்றைக் கேட்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்தையும் தொடக்கத்திலேயே உள்வாங்கிக்கொள்வது நல்லது. ஒருவரின் விவரத்தை எந்த நோக்கத்துக்காகப் பெறுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் தந்தது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், எண்கள் அடங்கிய எக்செல் கோப்பைக் குழுவில் பகிரக் கூடாது. அப்படிப் பகிரப்பட்ட கோப்பு காப்பீட்டு முகவர்களிடமும், திருமணத் தகவல் மையங்களிடமும், தேர்தல் காலத்தில் வேட்பாளர்களிடமும் போய்ச் சேருவதற்கு வெகுகாலம் ஆவதில்லை. ஒருமுறை அது நடந்துவிட்டால் அடுத்த படிவத்தை எவரும் நிரப்ப மாட்டார்கள்.

கல்லூரியிடம் மட்டுமே இருக்கும் செய்தி

பதிவேடு தொடங்கியதும் அடுத்த கேள்வி, எதை அனுப்புவது என்பது. காலை வணக்கப் படம், பண்டிகை வாழ்த்து, உடல்நலக் குறிப்பு, வேலைவாய்ப்பு என்ற பெயரில் வரும் ஃபார்வர்டு ஆகியவை எல்லோருக்கும் எல்லாக் குழுக்களிலும் ஏற்கெனவே கிடைக்கின்றன. கல்லூரியும் அவற்றையே அனுப்பினால், கல்லூரியின் செய்தி வந்ததே தெரியாமல் விரல் மேலே நகர்ந்துவிடும். நான் பரிந்துரைக்கும் அளவுகோல் ஒன்றே: இந்தச் செய்தி கல்லூரியைத் தவிர வேறு எங்கிருந்தாவது வர முடியுமா? முடியும் என்றால் அனுப்ப வேண்டியதில்லை.

அப்படிக் கல்லூரியிடம் மட்டுமே இருக்கும் பொருள்களுள் முதன்மையானது இறுதியாண்டு குரூப் போட்டோ. பல துறை அறைகளின் அலமாரி மேலே, தூசு படிந்த அட்டையில் ஒட்டப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கீழே 'அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்' என்று தொடங்கிப் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் கரையான் அரித்து மூன்றாம் வரிசையின் பாதிப் பெயர்கள் போயிருக்கும். அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து, ஸ்கேனரில் வைத்து நல்ல தரத்தில் பதிவுசெய்து, 'மூன்றாம் வரிசையில் இடமிருந்து நான்காவது நிற்பவர் யார்?' என்ற ஒரு வரியோடு அந்த ஆண்டு மாணவர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். மறுமொழி எழுதவே மாட்டார் என்று நினைத்தவரும் எழுதுவார். அவர் யார் என்பதோடு, இப்போது தக்கலையில் கடை வைத்திருக்கிறார், அவருடைய எண் என்னிடம் இருக்கிறது என்பதும் சேர்ந்து வரும். 'எங்கள் கெமிஸ்ட்ரி சார் ஏன் இந்தப் படத்தில் இல்லை' என்று வேறொருவர் தொடங்குவார். பதிவேட்டில் விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். படத்தில் இருப்பவர்களுள் எவராவது தம் படம் வேண்டாம் என்று சொன்னால், விவாதிக்காமல் எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாவது பொருள் அவ்வளவு சுவையானதன்று. ஆனால் பயன் அதிகம். ஒரு முன்னாள் மாணவர் தாமாகவே கல்லூரியைத் தேடி வரும் நேரம் பெரும்பாலும் சான்றிதழ் தொடர்பானதாகவே இருக்கும். வளைகுடா வேலைக்குப் பட்டச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சில நாடுகளுக்குத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை பெறுவது, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு மதிப்பெண் விவரத்தை உறையிட்டு அனுப்பச் செய்வது, தொலைந்த மதிப்பெண் பட்டியலுக்கு நகல் பெறுவது ஆகியவை அவை. குமரி மாவட்டத்தில் இதில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன் இங்குள்ள கல்லூரிகள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. இணைந்த பின் சென்னைப் பல்கலைக்கழகம், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவான பின் அது, 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட பின் திருநெல்வேலி என்று தலைமையிடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1980களில் நாகர்கோவிலில் பட்டம் பெற்ற ஒருவர் நகல் சான்றிதழுக்கு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்குப் போய் நின்றால், மதுரைக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுவார். எந்த ஆண்டில் படித்தவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், கல்லூரி அலுவலகத்தில் எந்த மேசையில் தொடங்க வேண்டும், அசல் ஆவணங்கள் எவை வேண்டும், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாமா என்பவற்றைத் தெளிவான தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து வைத்தால், கல்லூரி வெளியிடும் செய்திகளிலேயே மிகுதியாகப் படிக்கப்படுவதும் பகிரப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும். படித்து முடித்தவர் பக்கத்தின் அடியில் பதிவுப் படிவத்தின் இணைப்பையும் காண்பார். அந்த வேளையில் அவர் அதை நிரப்புவார்.

ஆசிரியர்களைப் பற்றிய செய்தியும் கல்லூரி மட்டுமே உறுதியாகத் தரக்கூடியது. ஓய்வு பெறுபவரைப் பற்றி முன்கூட்டியே சொன்னால், பழைய மாணவர்கள் இரண்டு வரி எழுதி அனுப்புவார்கள், குரல் பதிவு அனுப்புவார்கள். மறைவுச் செய்தியைப் பொறுத்தவரை நம் மாவட்டத்தில் இறுதிச் சடங்குக்குப் போய் நிற்பது பெரிய கடமையாகக் கருதப்படுகிறது. வெளிநாட்டில் இருப்பவர் தம் சார்பில் வீட்டிலிருந்து ஒருவரையாவது அனுப்புவார். எனவே குடும்பத்தாரிடம் உறுதிசெய்து, சடங்கு நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, ஒரே செய்தியாக வெளியிட வேண்டும். அந்த நாளில் அதே குழுவில் வேறு எதையும் அனுப்பாமல் இருப்பது மரியாதை.

வாட்ஸ்அப் என்னும் பெருஞ்சந்தை

எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு குழுவில் 1,024 பேர்வரைதான் சேர முடியும் என்பது ஒருபுறமிருக்க, அத்தனை பேர் ஒரே இடத்தில் பேசினால் எவரும் எவருக்கும் அறிமுகமானவராக இருக்க மாட்டார். ஒருவர் தம் கல்லூரியை நினைக்கும்போது அவர் மனத்தில் வருவது தம் துறையும், தம் ஆண்டும், விடுதியில் தம் அறையும்தான். ஆகவே உரையாடலுக்குத் துறை, ஆண்டு வாரியான சிறு குழுக்களும், அறிவிப்புக்குக் கல்லூரியின் பெயரில் ஒரு வாட்ஸ்அப் சேனலும் என்று பிரித்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். சேனலில் பின்தொடர்வோரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது என்பது பெண்களுக்கு, குறிப்பாக, ஒரு பாதுகாப்பு. ஒவ்வொரு ஆண்டுக்கும் எல்லோரையும் அறிந்த ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவராக இருக்க மாட்டார், சுற்றுலாவுக்குப் பணம் வசூலித்தவராக இருப்பார். அவரையே அந்த ஆண்டின் பொறுப்பாளராகக் கேட்டுக்கொள்ளலாம்.

கட்சி அரசியலும் மத விவாதமும் குழுவுக்குள் வரக் கூடாது என்ற விதியைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். மூன்று மதத்தாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த கல்லூரிகள் இவை. ஒரு தேர்தல் காலத்து ஃபார்வர்டால் அடுத்தடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் குழுவைவிட்டு வெளியேறுவதை இம்மாவட்டத்தில் பலரும் பார்த்திருக்கிறோம். சண்டை வந்த பிறகு விதி எழுதினால், அந்த விதியே ஒரு தரப்பின் ஆயுதமாகப் பார்க்கப்படும்.

சந்திப்பு

இணையவழிச் சந்திப்பில் முதலில் தீர்க்க வேண்டியது நேரம். துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. ரியாத், குவைத், தோஹா இரண்டரை மணி நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நாகர்கோவிலில் இரவு 7.30 மணி என்றால் துபாயில் மாலை 6, ரியாத்தில் மாலை 5, சிங்கப்பூரில் இரவு 10. லண்டனில் பருவத்துக்கேற்பப் பிற்பகல் 2 அல்லது 3, நியூயார்க்கில் காலை 9 அல்லது 10. கிழமையைப் பொறுத்தவரை சவுதியிலும் கத்தாரிலும் குவைத்திலும் வெள்ளி, சனி வார விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. எல்லோருக்கும் பொதுவாக எஞ்சுவது சனிக்கிழமை. ஞாயிறு காலை நம் ஊரில் ஆலயத்துக்குப் போகும் நேரம் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களுக்கு எந்த நேரமும் பொருந்தாது. அவர்களுக்காக நிகழ்ச்சியைப் பதிவுசெய்து மறுநாளே இணைப்பை அனுப்ப வேண்டும்.

கால அளவு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும்; கூகுள் மீட்டில் பலர் கூடும் இலவச அழைப்புக்கு 60 நிமிட வரம்பு உண்டு. இந்த வரம்பை நான் ஒரு நன்மையாகவே காண்கிறேன். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று மேடை நிகழ்ச்சியின் வரிசையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தால், முன்னிலை வகிப்போர் பேசி முடிப்பதற்குள் பாதிப்பேர் வெளியேறியிருப்பார்கள். அதற்குப் பதிலாக, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரைத் தம் பழைய பாடத்திலிருந்து இருபது நிமிடம் வகுப்பெடுக்கச் சொல்லலாம். சிலப்பதிகாரமோ, கரிம வேதியியலோ எதுவானாலும் சரி. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்து எண் சொல்லி அழைத்துத் தொடங்கினால் ஒருவரும் கேமராவை அணைத்து வைக்க மாட்டார். எண்பது வயதைக் கடந்த ஆசிரியர் கைபேசியோடு தனியே போராடக் கூடாது. இப்போது படிக்கும் மாணவர் ஒருவர் அவர் வீட்டுக்கே சென்று, வெளிச்சமும் ஒலியும் பார்த்து, நிகழ்ச்சி முடியும்வரை உடன் இருக்க வேண்டும்.

இன்னொரு வகைச் சந்திப்பு, முன்னாள் மாணவர் இப்போதைய மாணவரோடு பேசுவது. முந்நூறு பேரை அரங்கில் உட்கார வைத்துப் பெரிய பதவியில் இருப்பவரை ஊக்கவுரை ஆற்றச் செய்வதைவிட, இயற்பியல் மூன்றாமாண்டு மாணவர் பதினைந்து பேர், ஐந்தாண்டுக்கு முன் அதே துறையில் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவரிடம், நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள், முதல் சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சியது என்று கேட்பது பயன் தரும்.

நேரில் கூடுவதற்கு டிசம்பர் இறுதி வாரம் இம்மாவட்டத்துக்கு இயல்பாக அமைந்த காலம். கிறிஸ்துமஸுக்கு ஊர் வருபவர்கள் புத்தாண்டுவரை இருப்பார்கள். சுசீந்திரம் மார்கழித் தேரோட்ட நாளோடு மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். குழந்தைகளின் பள்ளி விடுமுறைக்காக ஜூலை, ஆகஸ்டில் வரும் வளைகுடாக் குடும்பங்களுக்கென்று ஒரு சிறிய மாலைக் கூடுகையும் வைக்கலாம்.

பணம்

நன்கொடை கேட்பது கடைசியில் வர வேண்டும். கல்லூரியிடமிருந்து வந்த முதல் செய்தியே கட்டட நிதிக்கான வேண்டுகோளாக இருந்தால் இரண்டாவது செய்தி படிக்கப்படாது. பணம் கையாளும் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்க வேண்டும், ஆண்டுக் கணக்கை உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் பலர் அறியாத ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் வேலை செய்பவர் தம் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்பும் தொகை, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமையோ பிரிட்டன் குடியுரிமையோ பெற்றுவிட்ட முன்னாள் மாணவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவராகவே கருதப்படுவார். அச்சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அவரிடமிருந்து ஒரு ரூபாயும் பெற முடியாது. நல்லெண்ணத்தோடு பணம் அனுப்புபவருக்கும் அதைப் பெறும் செயலாளருக்கும் பின்னாளில் தொல்லை வராமலிருக்க, நன்கொடைப் படிவத்தில் குடியுரிமையைக் கேட்கும் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஐயம் இருந்தால் பட்டயக் கணக்கரிடம் கேட்டுவிட்டே பணத்தை வாங்க வேண்டும்.

பொறுப்பு கைமாறும்போது

இவ்வளவும் செய்தபின் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. சேனலும், ஃபேஸ்புக் பக்கமும், யூடியூப் கணக்கும், பதிவுப் படிவமும் ஒரு பேராசிரியரின் சொந்த மின்னஞ்சலிலும் சொந்தக் கைபேசி எண்ணிலும் தொடங்கப்பட்டிருக்கும். அவர் ஓய்வு பெற்றதும் கடவுச்சொல் தெரியாமல் புதிதாக வந்தவர் மீண்டும் ஒரு பக்கம் தொடங்குவார். பழைய பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆகவே எல்லாக் கணக்குகளையும் கல்லூரியின் பெயரில் உள்ள மின்னஞ்சலிலும் சங்கத்துக்கென்று வாங்கிய தனி சிம்மிலும் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பணி ஓய்வுக்குப் பல ஆண்டுகள் உள்ள இளையவராக இருப்பது நல்லது. பதிவேட்டின் ஒரு நகல், கடவுச்சொல்லோடு, முதல்வர் அலுவலகத்தில் இருக்கட்டும். சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதையும் சங்கக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். நீண்ட காலம் ரீசார்ஜ் செய்யாத எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அந்த எண்ணோடு இணைந்த வாட்ஸ்அப் கணக்கும் கைவிட்டுப் போய்விடும்.